வார்ப்புரு மாறும்போது காணாமற்போகும் வரிகள்

ஈய எழுத்துக்களைக் கோத்துப் பத்திரிகை அச்சிட்ட காலத்தில் பணியாற்றியவர்களுக்கு ஒரு வழக்கம் நினைவிருக்கும். இதழ் அச்சாகி முடிந்ததும் பக்கத்தைக் கலைத்துவிடுவார்கள். எழுத்துக்கள் அதனதன் அறைக்குத் திரும்பிவிடும். ஆனால், பத்திரிகையின் பெயரைத் தாங்கிய அச்சுக்கட்டையையும் நிரந்தரப் பகுதிகளின் தலைப்புகளையும் எவரும் கலைப்பதில்லை. அவற்றுக்கெனத் தனியிடம் இருந்தது. இரவில் கலைக்கப்பட்ட பத்திரிகை காலையில் அதே முகத்துடன் வெளிவந்ததற்கு அந்தத் தனியிடமே காரணம்.

கணினியில் எழுதத் தொடங்கிய பின்னர் இந்தப் பாடத்தை நான் மறந்துவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், என் வலைப்பதிவின் வார்ப்புருவுக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதாக ஓர் அறிவித்தல் கண்டு பொத்தானை அழுத்தினேன். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. பக்கம் முன்னையிலும் அழகாகவே தெரிந்தது. இரண்டு கிழமைகளின் பின்னர் வாசகர் ஒருவர் மின்னஞ்சலில் கேட்டார்: "ஐயா, பக்கத்தின் அடியில் இருந்த பெயர்களை ஏன் எடுத்துவிட்டீர்கள்?"

அவை என்னுடன் பணியாற்றி மறைந்த பத்திரிகையாளர்களின் பெயர்கள். ஒவ்வொருவரும் மறைந்த நாளைக் குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் கேட்டறிந்து, பக்கத்தின் அடிப்பகுதிக்குரிய கோப்பில் நேரடியாக எழுதியிருந்தேன். வேறு பிரதி வைத்திருக்கவில்லை. இணைய ஆவணக் காப்பகத்தில் என் பக்கத்தின் பழைய பிரதியொன்று அகப்பட்டது. அதில் கடைசியாகச் சேர்த்த இரண்டு பெயர்கள் இல்லை. பெயர்கள் எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் மறைந்த நாளை எனக்குச் சொன்னவரும் அதற்கிடையில் மறைந்துவிட்டார்.

வார்ப்புருவை ஆக்கியவரைக் குறைசொல்ல முடியாது. அவர் தமது கோப்பைத்தான் மாற்றினார். நான்தான் அவருடைய கோப்பில் என்னுடையதை எழுதி வைத்திருந்தேன். எது அவருடையது, எது என்னுடையது என்ற இந்தக் கேள்வியே வார்ப்புருக்களின் வரலாறு முழுவதிலும் ஊடாடி நிற்பது.

வேர்ட்பிரஸ் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். மிஷேல் வால்திரிகி என்பவர் ஆக்கிய பி2 என்ற மென்பொருளை அடியாகக் கொண்டு, மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003 மே மாதத்தில் அதன் முதற் பதிப்பை வெளியிட்டனர். அப்போது வார்ப்புரு என்று தனியாக எதுவும் இருக்கவில்லை. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானித்த கோப்பு, மென்பொருளின் ஏனைய கோப்புகளுடனேயே கலந்து கிடந்தது. தோற்றத்தை மாற்ற விரும்பியவர் அந்தக் கோப்பையே திருத்தினார். புதிய பதிப்பு வந்தபோது அதே பெயருடைய புதிய கோப்பு பழையதன் மேல் வந்து விழுந்தது. திருத்தம் போயிற்று.

2005 பெப்ரவரியில் வந்த 1.5 ஆம் பதிப்பு முதலாவது பிரிவினையைச் செய்தது. தோற்றத்துக்குரிய கோப்புகள் அனைத்தும் தனியொரு கோப்புறைக்குள் சென்றன. மைக்கேல் ஹெய்ல்மன் வடிவமைத்த, மேலே நீலப் பட்டை கொண்ட குப்ரிக் வார்ப்புரு இயல்பிருப்பாக வந்தது. 2010 ஜூன் மாதத்தில் 3.0 பதிப்பு வரும்வரை அதுவே அவ்விடத்தில் இருந்தது. இனி மென்பொருளை மேம்படுத்தினாலும் தோற்றம் கெடாது என்றாயிற்று. ஆனால் வார்ப்புருவையே மேம்படுத்தும்போது என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சி நின்றது.

அந்நாளைய தமிழ் வலைப்பதிவர்களுக்கு இது பொழுதுபோக்கான கேள்வியன்று. ஏனையோர் அழகுக்காக வார்ப்புருவைத் திருத்தினர்; நாங்கள் எங்கள் எழுத்து தெரியவேண்டுமென்பதற்காகத் திருத்தினோம். ஒருங்குறித் தமிழைக் காட்டவியலாத பழைய கணினிகள் பல அப்போது பாவனையில் இருந்தன. அவற்றுக்காக, உமர்தம்பி ஆக்கிய தேனீ இயங்கெழுத்துருவை அழைக்கும் வரிகளைப் பலர் தத்தம் வார்ப்புருவில் சேர்த்துக்கொண்டனர். 2004 இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியின் பட்டைக்கான வரிகளும் அங்கேதான் இருந்தன. 2006 ஓகஸ்டில் புளொக்கர் சேவை புதிய வார்ப்புரு முறையைப் பரீட்சார்த்தமாக அறிமுகஞ்செய்தபோது, அதற்கு மாறியவர்கள் இவற்றையெல்லாம் மீண்டும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. பழைய வார்ப்புருவை முன்கூட்டியே ஒரு கோப்பில் ஒட்டி வைத்தவர்கள் தப்பினர்.

வேர்ட்பிரஸ் இதற்குக் கண்ட தீர்வு "சேய் வார்ப்புரு". இதன் அடிப்படை எளியது. தனிக் கோப்புறை ஒன்றை ஆக்கி, அதனுள் பாணிக் கோப்பொன்றை வைத்து, அதன் தலைப்பில் தாய் வார்ப்புருவின் கோப்புறைப் பெயரை ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும். தொடக்கத்தில் நிறம், எழுத்தளவு போன்ற பாணி மாற்றங்களுக்கு மட்டுமே இது உதவியது. 2008 டிசெம்பரில் வந்த 2.7 ஆம் பதிப்பிலிருந்து, தாயின் எந்தப் பக்கக் கோப்பையும் அதே பெயரில் சேயில் வைக்கலாம் என்றாயிற்று. மென்பொருள் முதலில் சேயிடம் தேடும். அங்கில்லாவிடின் தாயிடம் செல்லும். தாய் வார்ப்புரு எத்தனை முறை மாறினும் சேயின் கோப்புறையை மேம்படுத்தல் தொடுவதில்லை. அச்சகத்தில் தலைப்புக் கட்டைக்கு இருந்த தனியிடம் இதுதான்.

மாற்றங்களைக் காப்பாற்ற வேண்டுமானால் மேம்படுத்தாமலே இருந்துவிடலாமே என்று கேட்கலாம். பலர் அப்படித்தான் இருந்தனர். 2011 ஓகஸ்டில் அதன் விலை தெரிந்தது. படங்களைச் சிறிதாக்க உதவும் டிம்தம்ப் என்ற சிறு நிரல், ஏராளமான வார்ப்புருக்களில் சேர்த்து வழங்கப்பட்டிருந்தது. அதிலிருந்த ஓட்டையின் வழியே அந்நியர் தளத்துக்குள் புகலாம் என்பதை, தம் தளமே தாக்கப்பட்ட நிலையில் மார்க் மாண்டர் கண்டறிந்து வெளிப்படுத்தினார். திருத்திய பதிப்பு வந்தது. ஆயினும் சொந்த மாற்றங்கள் அழிந்துவிடுமென்று வார்ப்புருவைத் தொடாதிருந்தவர்களின் வாசல் திறந்தே கிடந்தது.

பின்னர் வந்த மாற்றங்கள் அதே பிரிவினையை மேலும் முன்னே கொண்டு சென்றன. 2012 இல் வந்த 3.4 பதிப்பு, தோற்றத் தெரிவுகளைப் பார்த்துப் பார்த்து மாற்றும் வசதியைத் தந்தது. 2016 டிசெம்பரில் 4.7 பதிப்பு, சொந்தப் பாணி வரிகளை எழுதுவதற்கு ஒரு பெட்டியை வைத்தது. இவை வார்ப்புருவின் கோப்பில் அல்லாது தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால் மேம்படுத்தலின்போது அழிவதில்லை. ஆனால் வேறு வார்ப்புருவுக்கு மாறினால் அவை கூடவே வருவதுமில்லை. தாயிலிருந்து சேய்க்கு மாறுவோரும் இதை நினைவிற் கொள்ள வேண்டும். 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து, புதுவகை வார்ப்புருக்களில் பக்க அமைப்பில் செய்யும் மாற்றமும் தரவுத்தளத்துக்கே செல்கிறது.

எதற்கும் ஒரு விலையுண்டு. தாயின் கோப்பைப் பிரதிசெய்து சேயில் வைத்தால், அந்தக் கோப்பில் தாய் பின்னர் பெறும் திருத்தங்கள் நம்மை வந்தடையா. தரவுத்தளத்தில் சேமித்த பக்க அமைப்புக்கும் இதே விதிதான். நம்முடையது என்று எடுத்துக்கொண்டதைப் பேணும் பொறுப்பும் நம்முடையதாகிவிடுகிறது. ஆகவே தேவையானதை மட்டுமே எடுத்துக்கொள்வது நன்று.

ஏற்கெனவே வார்ப்புருவின் கோப்புகளில் நேரடியாக எழுதிவிட்டவர்களுக்கும் வழியுண்டு. உங்களிடமுள்ள அதே பதிப்பின் திருத்தப்படாத பிரதியைத் தரவிறக்கி, இரண்டையும் ஒப்பிடும் மென்பொருளொன்றில் இடுங்கள். அச்சுப்படியை மூலப்படியுடன் ஒப்புநோக்குவதைப் போல, நீங்கள் மாற்றிய வரிகளை அது தனியே காட்டிவிடும். அவற்றைச் சேய்க்கு நகர்த்திய பின்னரே மேம்படுத்தும் பொத்தானைத் தொடுங்கள். 2020 இல் வந்த 5.5 பதிப்பு முதல், விரும்பினால் வார்ப்புருக்கள் தாமாகவே மேம்படுமாறும் விடலாம். அந்த வசதியை இயக்கியிருப்பவர்கள் தாமதிக்க வேண்டாம். நீங்கள் உறங்கும்போதும் வரிகள் அழியக்கூடும்.

என் நண்பர்களின் பெயர்களை இப்போது வலைப்பதிவில் தனியொரு பக்கமாகவே எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் பிரதியொன்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. ஒரு பெயருக்கு எதிரே நாள் எழுத வேண்டிய இடம் மட்டும் இன்னும் வெற்றாக இருக்கிறது. தெரிந்தவர் எவரேனும் எழுதினால் நிரப்புவேன்.