ஒரு நாளின் பங்குதாரர்கள்

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களை இருவர் இருவராகச் சகோதரப் பிணைப்பில் இணைத்தபோது, ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களுக்கும் அபூதர்தா (ரலி) அவர்களுக்கும் அந்த உறவு அமைந்தது. ஒருநாள் ஸல்மான் தம் சகோதரரின் இல்லம் சென்றார். அங்கே உம்முதர்தா (ரலி) அவர்கள் அலங்காரமின்றி எளிய உடையில் இருக்கக் கண்டு காரணம் வினவினார். உம் சகோதரருக்கு இவ்வுலகில் எத்தேவையும் இல்லை என்பதே அந்த அம்மையாரின் விடை. அபூதர்தா பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று வாழ்ந்து வந்தார். விருந்தாளியோ, வீட்டுக்காரர் உடன் உண்டாலன்றித் தாம் உண்ணப் போவதில்லை என்றார். இரவில் தொழ எழுந்தவரை உறங்கச் சொன்னார். இரவின் இறுதிப் பகுதியில் இருவரும் எழுந்து தொழுதனர். பின்னர், இறைவனுக்கும் உமது உயிருக்கும் உமது குடும்பத்துக்கும் உம்மீது உரிமைகள் உள்ளன. ஒவ்வோர் உரிமையாளருக்கும் உரியதைக் கொடுத்துவிடும் என்ற கருத்தில் அறிவுரை கூறினார். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சென்றபோது, ஸல்மான் சொன்னது உண்மையே என்று ஏற்றுக்கொண்டார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் இந்நிகழ்ச்சி நம்மில் பலருக்கும் பழக்கமானதுதான்.

பெரும்பாலும் இதனை வணக்கத்தில் நடுநிலை பேண வேண்டும் என்பதற்குச் சான்றாகவே எடுத்தாள்கிறோம். அது சரியே. எனினும் வரலாற்றுக் கண்ணோடு நோக்கும்போது இதில் வேறொன்றும் தெரிகிறது. இங்கே ஒரு மனிதனின் நேரம் அவனுக்கு மட்டுமே சொந்தமானதாகக் கருதப்படவில்லை. அதில் பங்குதாரர்கள் இருக்கிறார்கள். அவர்களது பங்கு ‘ஹக்கு’ என்னும் சொல்லால் குறிக்கப்படுகிறது. ஹக்கு என்பது சலுகையன்று, கேட்டுப் பெறத்தக்க உரிமை. வேலை, வீடு, ஓய்வு ஆகிய மூன்றுக்கும் நாளை எப்படிப் பகிர்வது என்று இன்று பரவலாகக் கேட்கப்படும் கேள்விக்கு இந்த ஒரு சொல் எவ்வளவு தூரம் வழிகாட்டும் என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

மதீனாவின் பொழுது

அன்றைய மதீனாவில் பொழுதைக் கணிக்கச் சூரியனும் நிழலுமே இருந்தன. ஐவேளைத் தொழுகை அந்தப் பொழுதுக்கு எல்லைக் கற்களை நட்டது. திருக்குர்ஆன் 78ஆம் அத்தியாயம் உறக்கத்தை இளைப்பாறுதலாகவும் பகலை வாழ்வாதாரம் தேடும் நேரமாகவும் கூறுகிறது. 24ஆம் அத்தியாயத்தின் 58ஆம் வசனம் வைகறைத் தொழுகைக்கு முன், நண்பகலில் மேலாடை களைந்திருக்கும் வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களை வீட்டாரின் தனிமைக்கு உரியனவாக ஒதுக்குகிறது. பணியாட்களும் சிறுவர்களும்கூட அனுமதி பெற்றே அப்போது உள்ளே வர வேண்டும். நண்பகல் ஓய்வு அந்தச் சமூகத்தில் வழக்கமாய் வேரூன்றியிருந்ததும் இவ்வசனத்தால் புலனாகிறது.

வெள்ளிக்கிழமை பற்றிய கட்டளையும் கவனிக்கத்தக்கது. ஜும்ஆவுக்கு அழைப்பு விடுக்கப்பட்டதும் வணிகத்தை விட்டு விரைய வேண்டும். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி இறையருளைத் தேடலாம். நாள் முழுவதும் வேலையை விலக்கும் யூத மரபிலிருந்து இது வேறுபட்டது. வேலை இழிவன்று. ஆனால் அழைப்பு வரும்போது அது விலகி நிற்க வேண்டும்.

உழைப்புக்கும் கல்விக்கும் இடையே நாளைப் பகிர்ந்த ஓர் ஏற்பாட்டை உமர் (ரலி) அவர்களே விவரித்திருக்கிறார்கள். மதீனாவின் மேட்டுப் பகுதியில் குடியிருந்த அவர்களும் அண்டை வீட்டு அன்சாரி ஒருவரும் முறை வைத்துக்கொண்டு நபிகளாரின் அவைக்குச் சென்று வந்தனர். ஒருநாள் இவர் சென்று கேட்டதை அவருக்குச் சொல்வார். மறுநாள் அவர் சென்று வந்து இவருக்குச் சொல்வார். பிழைப்பும் கெடவில்லை, கல்வியும் தவறவில்லை.

அதே புகாரியின் கல்வி பற்றிய அதிகாரத்தில் மற்றொரு செய்தியும் உள்ளது. ஆண்கள் தங்கள் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள், எங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கித் தாருங்கள் எனப் பெண்கள் நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினர். அவ்வாறே ஒருநாள் ஒதுக்கப்பட்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்கள் தமக்குள் முறை வைத்துக்கொண்டு நேரத்தை உண்டாக்கிக்கொண்டனர். பெண்களோ தங்களுக்குரிய நேரத்தைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. கேட்டபோது அது மறுக்கப்படவில்லை என்பதே அந்தச் சமூகத்தின் சிறப்பு.

திரிகையும் பேரீச்சங்கொட்டையும்

வீட்டு வேலையின் சுமையை நம் தொடக்ககால நூல்கள் மறைக்கவில்லை. திரிகை சுழற்றிக் கை காய்த்துப்போன ஃபாத்திமா (ரலி) அவர்கள் ஒரு பணியாளைக் கேட்டுத் தம் தந்தையின் இல்லம் சென்றார்கள். நபிகளார் அப்போது அங்கில்லை. அன்றிரவு மகளும் மருமகனும் படுக்கைக்குச் சென்ற பின்னர் அவர்களே நேரில் வந்து, பணியாளைவிடச் சிறந்தது என்று கூறி, உறங்கும்முன் ஓத வேண்டிய தஸ்பீஹைக் கற்றுத் தந்தார்கள். அண்ணலின் மகளுக்கும் வேலைச் சுமை இருந்தது, அதை வாய்விட்டுச் சொல்வது குறையாகக் கருதப்படவில்லை என்ற இரண்டும் இங்கே பதிவாகியுள்ளன.

அபூபக்கர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) தம் இல்வாழ்க்கையின் தொடக்கத்தைத் தாமே விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். கணவர் ஸுபைர் (ரலி) அவர்களிடம் அப்போது ஒரு குதிரையும் நீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும் தவிர வேறு செல்வமில்லை. குதிரைக்குத் தீனி வைப்பது, நீர் சுமப்பது, தோல் வாளியைத் தைப்பது, மாவு பிசைவது எல்லாம் அஸ்மாவின் பொறுப்பு. தொலைவிலிருந்த நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார்கள். ரொட்டி சுடுவது மட்டும் அவர்களுக்குச் சரியாக வராது; அண்டை வீட்டு அன்சாரிப் பெண்கள் சுட்டுத் தருவார்கள். பின்னர் தந்தை ஒரு பணியாளை அனுப்பி, குதிரையைப் பேணும் வேலையிலிருந்து விடுவித்தபோது, தம்மை அடிமைத்தளையிலிருந்தே மீட்டது போலிருந்தது என்று அஸ்மா கூறுகிறார்கள்.

ஒருவரின் சுமை இறங்கும்போது அது மறைந்துவிடுவதில்லை. மற்றொருவர் தலைக்கு மாறுகிறது. அஸ்மாவின் விடுதலை ஒரு பணியாளின் உழைப்பால் வந்தது. இதை நாம் ஒளிவின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால்தான் அபூதர் (ரலி) அவர்கள் வழி வரும் ஹதீஸில், ஊழியர்கள் மீது அவர்களால் இயலாத சுமையை ஏற்ற வேண்டாம், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற கட்டளை அமைந்திருக்கிறது. உரிமைகளின் சங்கிலி எசமானரின் குடும்பத்தோடு அறுந்துவிடவில்லை.

நபிகளார் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் செல்வார்கள் என்பது விடை. ஆடையைத் தைத்தல், செருப்பைச் செப்பனிடல், ஆட்டில் பால் கறத்தல் ஆகியவற்றைப் பிற அறிவிப்புகள் குறிப்பிடுகின்றன. ஒரு சமுதாயத்தின் தலைவர், நீதிபதி, படைத்தலைவர் ஆகிய பொறுப்புகளை ஒருசேரச் சுமந்தவரின் அன்றாடம் இது.

சட்ட அறிஞர்களின் கணக்கு

பின்வந்த ஃபிக்ஹு அறிஞர்கள் இச்செய்திகளிலிருந்து இரு வழிகளில் சட்டம் வகுத்தனர். முதலாவது, கூலி ஒப்பந்தம். வேலையைக் காலத்தால் அளந்தும் பேசலாம், செய்து முடிக்கும் பணியால் அளந்தும் பேசலாம். ஆனால் இந்தத் துணியை இன்றைய பகலுக்குள் தைத்து முடிக்க வேண்டும் என்று இரண்டையும் ஒன்றாய்க் கட்டினால் அவ்வொப்பந்தம் செல்லாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து என இமாம் நவவி (மறைவு 1277) தமது ‘மின்ஹாஜ்’ நூலில் தருகிறார்கள். பணி முடியுமுன் பொழுது முடியலாம், பொழுது முடியுமுன் பணி முடியலாம். அந்த நிச்சயமின்மையைத் தொழிலாளி மீது சுமத்தலாகாது. மேலும், நாள்கணக்கில் அமர்த்தப்பட்டவரின் உளூவுக்கும் கடமையான தொழுகைக்குமான நேரம் ஒப்பந்தக் காலத்திலிருந்து விலக்கப்பட்டது. அதற்காகக் கூலியைக் குறைக்க முடியாது. வேலை நேரமும் நிர்ணயம், செய்து முடிக்க வேண்டிய அளவும் நிர்ணயம் என்று இரு கயிற்றாலும் கட்டப்பட்டிருக்கும் இன்றைய அலுவலக ஊழியர் இதைப் படித்தால் வியப்படையக்கூடும்.

இரண்டாவது, மனைவியின் வீட்டுப்பணி. சமைப்பதும் துவைப்பதும் திருமண ஒப்பந்தத்தால் மனைவிமீது சட்டக் கடமையாவதில்லை என்பது ஷாஃபிஈ, ஹன்பலீ மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்து. பிறந்த வீட்டில் பணியாளோடு வாழ்ந்தவளுக்குக் கணவன் பணியாளை அமர்த்தித் தர வேண்டும் என்றும் அவர்கள் எழுதினர். ஃபாத்திமாவும் அஸ்மாவும் செய்தது பெருந்தன்மையின்பாற்பட்டது என்பது அவர்கள் விளக்கம். ஹனஃபீ அறிஞர்கள் அதை மார்க்க ஒழுக்கத்தின்படி கடமை, ஆனால் நீதிமன்றம் வற்புறுத்தக்கூடியதன்று என்றனர். இப்னுல் கய்யிம் (மறைவு 1350) இதற்கு மாறாக, அதே இரு நிகழ்ச்சிகளையும் சான்றாக்கி, ஊர் வழக்கின்படி அது கடமையே என வாதிட்டார். முடிவு எதுவாயினும், வீட்டு வேலை என்பது யார் மீது, எந்த அடிப்படையில் என்று கேட்கத்தக்க ஒரு ‘வேலை’ என்பதில் அவர்கள் அனைவரும் ஒன்றுபட்டனர். அது இயற்கையாகவே பெண்ணோடு பிறந்தது என்று எண்ணியிருந்தால் இந்த விவாதமே எழுந்திராது.

ஆலைச் சங்கின் காலம்

தொழிற்புரட்சி பொழுதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. வேலை வீட்டை விட்டு வெளியேறி ஆலைக்குள் புகுந்ததும், வேலை நேரம் என்ற தனிப் பொருள் உருவாயிற்று. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி உறக்கம் என்ற முக்கூற்றை 1817 அளவில் இராபர்ட் ஓவன் முன்வைத்தார். 1856இல் மெல்போர்ன் கட்டடத் தொழிலாளர் எட்டு மணி வேலைநாளைப் போராடிப் பெற்றனர். 1886இல் சிகாகோ அதற்காகக் குருதி சிந்தியது. அந்த நினைவைப் போற்றும் மே நாளை 1923இல் சென்னையில் சிங்காரவேலர் கொண்டாடினார்.

இந்தியாவில் முன்னேற்றம் மெதுவாகவே நடந்தது. 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 7 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர்களுக்கு நாளொன்றுக்கு 9 மணி என வரம்பு கட்டியதேயன்றி, வயது வந்தோரைத் தொடவில்லை. பம்பாயில் லோகாண்டே 1884இல் வார விடுமுறைக்காகத் தொழிலாளரைத் திரட்டினார். 1890இல் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். 1891ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு 11 மணி வரம்பு விதித்தது. 1911இல் நெசவாலை ஆண்களுக்கு 12 மணி, 1922இல் வாரம் 60 மணி, 1934இல் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் 54 மணி, 1948இல் 48 மணி என்று வேலை நேரம் படிப்படியாகக் குறைந்தது. ஒவ்வொரு படிக்கும் பின்னால் தொழிலாளரின் வேலைநிறுத்தங்களும் பசியும் உள்ளன. அந்த வெற்றியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும் அந்த முக்கூற்றில் ஒரு பிழை இருந்தது. உழைப்பு, பொழுதுபோக்கு, உறக்கம் ஆகிய மூன்றிலும் சோறு சமைப்பதற்கும் நீர் எடுப்பதற்கும் நோயாளியைப் பார்ப்பதற்கும் இடமில்லை. நடு எட்டு மணி ஆணுக்கு ஓய்வாக அமைய வேண்டுமானால், அந்த வேலைகளை வேறொருவர் ஏற்கெனவே செய்து முடித்திருக்க வேண்டும். ஆலைக்குச் சென்ற பெண்ணுக்கோ சங்கு ஊதிய பின் அடுத்த வேலை தொடங்கியது. 50க்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலையில் குழந்தைக் காப்பறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது, வீடு என ஒன்று இருப்பதைச் சட்டம் சற்றே திரும்பிப் பார்த்ததன் அடையாளம்.

நம் திண்ணைகளில்

இந்தக் கேள்வி நம் ஊர்களுக்கு அயலானதன்று. மேலப்பாளையம் போன்ற ஊர்களில் முஸ்லிம் பெண்கள் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்கி வந்திருக்கின்றனர். மடியில் முறத்தை வைத்து இலையைச் சுருட்டும் கை, இடையிடையே அடுப்பையும் தொட்டிலையும் கவனிக்கிறது. அங்கே வேலை நேரம், வீட்டு நேரம் என்ற பிரிவே இல்லை. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றுக்கொண்டது. ஆனால் நாளைக்கு 9 மணி என்ற அதன் வரம்பு தொழிற்கூடத்துக்கு உரியதாகவே இருந்தது. எண்ணிக்கைக்குக் கூலி என்னும்போது கடிகாரத்தை யார் பார்ப்பது?

இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களையும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களையும் அதில் செலவிட்டதாகக் காட்டியது. அவ்வேலையில் கைவைத்தோரே பெண்களில் 100க்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி வேலைநாளுக்கு இடமளிக்கும் திருத்தம் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பால் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த வாதங்களில் ஆலையின் 12 மணி பேசப்பட்ட அளவுக்கு, அதற்கு முன்னும் பின்னும் வீட்டில் நிற்கும் மணிகள் பேசப்படவில்லை.

ஆகவே, நேரப் பங்கீடு என்பது தனி மனிதனின் திறமை சார்ந்த செய்தி மட்டுமன்று என்பது நம் முடிவு. ஒருவர் பெறும் ஓய்வு பெரும்பாலும் மற்றொருவர் கொடுத்ததாகவே இருக்கிறது. சட்டம் ஆலையின் கடிகாரத்தைக் கட்டுப்படுத்தும். வீட்டுக்குள் உள்ள கணக்கை நேர் செய்யும் பொறுப்பு நம்முடையது. உம்முதர்தா (ரலி) அவர்கள் வழக்குத் தொடுக்கவில்லை. வந்த விருந்தாளி அவர்களின் உடையைப் பார்த்தே ஓர் உரிமை நிலுவையில் இருப்பதை உணர்ந்துகொண்டார். இஷாத் தொழுதுவிட்டு வீடு திரும்பும் நாம், அடுக்களையில் இன்னும் விளக்கு எரிவதைக் கண்டால், ஸல்மானின் கண்ணோடு அதைப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். உள்ளே சென்று கைகொடுப்பது உதவியன்று, கொடுக்க வேண்டிய பாக்கி.