ஈயப் படைகள்: சிறுபோரும் பெரும்போரும்

போரைப் பாடாத மொழி உலகில் இல்லை. போரை விளையாட்டாக ஆடிப் பாராத சமுதாயமும் இல்லை எனலாம். விரல் நீள வீரர்களை வார்த்து, வண்ணம் தீட்டி, மேசைமேல் அணிவகுத்துப் போர்த்தொடர் நடத்தும் கலை ஐரோப்பாவில் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் செழித்துள்ளது. சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கத்தக்கதன்று இது. அரசர்களும் படைத்தலைவர்களும் மட்டுமன்றிக் கவிஞர்களும் புதினப் படைப்பாளர்களும் இதில் தோய்ந்துள்ளனர். சிறு உருவில் போரை ஆடும் மனிதன் பெரும்போரை விரும்புகிறானா, வெறுக்கிறானா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

கல்லறையிலிருந்து மேசைக்கு

எகிப்து நாட்டில் அஸ்யூத் என்னுமிடத்தில், ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மெசெஹ்தி என்ற ஆட்சியாளனின் கல்லறையிலிருந்து மரத்தாலான இரு படையணிகள் கிடைத்தன. ஒன்று ஈட்டியும் கேடயமும் ஏந்திய எகிப்திய வீரர் நாற்பதின்மரைக் கொண்டது. மற்றொன்று நூபிய வில்லாளர் நாற்பதின்மரைக் கொண்டது. கெய்ரோ அருங்காட்சியகத்திற்குச் சேர்ந்த இவ்வணிகளைக் கூர்ந்து நோக்குவோர் ஓர் உண்மையைக் காண்பர். கேடயங்களின் தோற்கோலங்கள் ஒன்றுபோல் ஒன்றில்லை. வீரர்களின் உயரமும் வேறுபடுகிறது. செதுக்கியவனும் தீட்டியவனும் 'படை' என்ற பொதுமையைச் செய்யவில்லை. எண்பது மனிதர்களைச் செய்தனர். இது விளையாட்டுக்காகச் செய்யப்பட்டதன்று. மறுமைக் காவலுக்காகச் செய்யப்பட்டது. எனினும் பிற்காலச் சிற்றுருவக் கலைஞனின் உள்ளம் இங்கேயே அரும்பிவிட்டது.

போரை ஆட்டமாக்கிய பெருமை பாரத நாட்டிற்கு உரியது. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையின் பெயரையே தாங்கிய சதுரங்கம் பாரசீகம் வழியாக மேற்கே சென்று ஐரோப்பாவை அடைந்தது. ஆயினும் சதுரங்கப் பலகையில் மலையில்லை, ஆறில்லை, மழையில்லை. அக்குறையை நிரப்ப முயன்றவர்கள் பிரஷ்ய நாட்டினர். ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் தாம் அமைத்த போராட்ட மேசையைப் பிரஷ்ய மன்னருக்குக் காட்டினார். பீரங்கிப் படை அலுவலரான அவருடைய மகன் அதனைத் திருத்தி 1824இல் விதிநூலாக வெளியிட்டார். எண்ணாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய நிலப்படம், சிவப்பு நீலக் கட்டைகள், போரின் தற்செயலைக் குறிக்கப் பகடை, இருதரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் என அமைந்தது அவ்வாட்டம். அது பிரஷ்யப் படையின் பயிற்சி முறையாகவே ஆயிற்று. ஆனால் அதற்கு வடிவம் தந்த இளைஞர் 1827இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1871இல் பிரான்சைப் பிரஷ்யர் வென்ற பின்னர் பிற நாட்டுப் படைகளும் அவ்வாட்டத்தைக் கைக்கொண்டன. அதில் கட்டைகள் இருந்தன, முகங்கள் இல்லை.

வார்ப்போரும் தீட்டுவோரும்

முகம் தந்தவர்கள் நூரெம்பர்க் நகரத்துக் கைவினைஞர்கள். மெல்லிய சிலேட்டுக்கல்லில் இருபுறமும் உருவத்தைக் குழிவாகச் செதுக்கி, இரு கற்களையும் இணைத்து, வெள்ளீயமும் ஈயமும் கலந்த உருகலை வார்த்தால் தகடுபோன்ற வீரன் பிறப்பான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹில்பெர்ட் குடும்பத்தாரும், 1839 முதல் ஹைன்ரிக்சன் நிறுவனத்தாரும் இத்தொழிலை வளர்த்தனர். முப்பது மில்லிமீட்டர் உயரம் என்ற ஹைன்ரிக்சன் அளவே காலப்போக்கில் பொது அளவாயிற்று.

1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் புதிய முறை ஒன்றைக் கண்டனர். அச்சில் உருகலை ஊற்றி, ஓரம் இறுகியவுடன் நடுவிலிருப்பதை வெளியே கவிழ்த்துவிடுவர். உள்ளே வெறுமையும் வெளியே முழு உருவமும் கொண்ட வீரன் கிடைப்பான். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலை மலிவு. செருமானியப் பொம்மைகளின் ஆதிக்கம் இதனால் ஆட்டம் கண்டது.

ஈண்டு நாம் மறக்கலாகாத ஒன்றுண்டு. நூரெம்பர்க்கிலும் லண்டனிலும் இவ்வீரர்களுக்குச் சிவப்பும் நீலமும் தீட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தொழிற்சாலையிலும் வீட்டிலும் இருந்து தீட்டினர். ஆயிரமாயிரம் படைகள் அவர்கள் கைவழியே அணிவகுத்துச் சென்றன. அவர்களுள் எவருக்கும் எந்தப் படையும் உரிமையானதில்லை. பிரிட்டன் நிறுவனம் வெளியிட்ட பட்டாளங்களுள் சென்னைக் காலாட்படையும் ஒன்று. தமிழரும் தெலுங்கரும் சேர்ந்து நின்ற அப்படையின் வீரனை ஒருபோதும் கண்டிராத லண்டன் பெண்ணொருத்தி அவன் முகத்துக்கு மாநிறம் தீட்டினாள். இருவர் பெயரையும் வரலாறு குறித்து வைக்கவில்லை.

இலக்கியத்தில் ஈயவீரர்

பொம்மை வீரர்களிலிருந்து இலக்கியம் பிறந்த வரலாறு வியப்புக்குரியது. 1826ஆம் ஆண்டு சூன் திங்களில் ஹாவொர்த் என்னும் சிற்றூரின் பாதிரியார் பேட்ரிக் பிராண்டி, லீட்ஸ் நகரிலிருந்து தம் மகன் பிரான்வெலுக்குப் பன்னிரண்டு மரவீரர்களை வாங்கி வந்தார். பிள்ளைகள் நால்வரும் ஆளுக்கொரு வீரனைத் தேர்ந்துகொண்டனர். சார்லட் தன் வீரனுக்கு வெலிங்டன் என்றும், பிரான்வெல் தன் வீரனுக்குப் போனபார்ட் என்றும் பெயரிட்டனர். அவ்வீரர்களுக்கு நாடு வேண்டியிருந்தது. நாட்டுக்கு நகரமும் அரசும் செய்தித்தாளும் வேண்டியிருந்தன. உள்ளங்கையினும் சிறிய ஏடுகளைத் தைத்து, நுண்ணெழுத்தால் அவற்றை எழுதி நிரப்பினர். கண்ணாடி நகரம், ஆங்ரியா, கோண்டல் என விரிந்த அக்கற்பனை நாடுகளே 'ஜேன் அயர்', 'உதரிங் ஹைட்ஸ்' ஆகிய புதினங்களின் ஆசிரியைகளுக்கு முதற்பள்ளியாயின. எமிலியின் சிறந்த கவிதைகளுள் பல கோண்டல் நாட்டு மாந்தரின் கூற்றாக அமைந்தவை.

ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் நிலை வேறு. நுரையீரல் நோயால் வருந்திய அவர், 1881-82ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் கழித்தார். அங்கே தம் மனைவியின் மகனான லாயிட் ஆஸ்பர்னுடன் வீட்டுப் பரணின் தரையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் நாடொன்றை வரைந்து, ஈயவீரர்களைக் கொண்டு நெடிய போர்த்தொடர் நடத்தினார். வெறும் மோதலோடு நில்லாமல் படைக்கலன் வண்டிகளின் போக்குவரத்தையும் சாலைகளையும் கணக்கில் கொண்டனர். போர்முனைச் செய்தியாளர் எழுதுவது போன்ற பொய்ச் செய்தித்தாள் அறிக்கைகளையும் ஸ்டீவன்சன் எழுதி மகிழ்ந்தார். இவற்றை 1898இல் லாயிட் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். படுக்கையிலிருந்து எழ இயலாத குழந்தை போர்வை மடிப்புகளின்மேல் ஈயவீரர்களை நடத்திச் செல்லும் கவிதை ஸ்டீவன்சனின் 1885ஆம் ஆண்டுத் தொகுதியில் உள்ளது. ஈயவீரர்களுக்கென்றே ஓர் இரங்கற்பாவும் அவர் பாடியுள்ளார். நகைச்சுவைக்காக எழுதியதே எனினும், வீழ்ந்த பொம்மைக்கும் இரங்கல் உரியது என்ற கவியுள்ளத்தை அதில் காண்கிறோம்.

சைபோர்ன் கண்ட உண்மை

சிற்றுருவம் வரலாற்றுச் சான்றாகவும் நிற்க முடியும் என்று காட்ட முயன்று துயருற்றவர் வில்லியம் சைபோர்ன். 1815இல் நிகழ்ந்த வாட்டர்லூப் போரின் மாதிரியை அமைக்கும் பணி 1830இல் அவருக்குத் தரப்பட்டது. போர்க்களத்தின் நடுவே இருந்த பண்ணை வீட்டில் எட்டுத் திங்கள் தங்கி நிலத்தை அளந்தார். போரில் நின்ற அலுவலர்களுக்கு மடல் எழுதி, மாலை ஏழு மணி அளவில் அவரவர் எங்கு நின்றனர், எதிரே என்ன கண்டனர், வயலில் என்ன பயிர் இருந்தது என்று வினவினார். 1833இல் அரசு பொருளுதவியை நிறுத்தியது. தம் பணத்தையும் கடனையும் கொண்டே பணியை முடித்து 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் நுண்ணுருவங்கள் அதில் அணிவகுத்திருந்தன.

அங்குதான் இடர் எழுந்தது. கிடைத்த சான்றுகளின்படி பிரஷ்யப் படை முன்னரே வந்து பெரும்பங்கு ஆற்றியதாக அம்மாதிரி காட்டியது. வெற்றி முதன்மையாகத் தம் படைக்கே உரியது என்று கருதிய வெலிங்டனுக்கு அது உவப்பாக இல்லை. எதிர்ப்புக்கிடையே காலப்போக்கில் பிரஷ்ய உருவங்கள் குறைக்கப்பட்டன. விரல்நுனி அளவுள்ள ஈயத் துகளைக்கூட அதிகாரம் அஞ்சியது என்பதைக் காட்ட இதனினும் சான்று வேண்டுவதில்லை. சைபோர்ன் 1849இல் மறைந்தார். அம்மாதிரி லண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அவருக்கு வந்த மடல்களை அவருடைய மகன் 1891இல் நூலாக்கினார். வாட்டர்லூவை ஆராய்வோர் அவற்றை விலக்கி எழுதுதல் இயலாது. மாதிரியில் மறைக்கப்பட்டது ஏட்டில் பிழைத்தது.

வெல்ஸின் கனவு

1913இல் எச். ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்', அதாவது சிறுபோர்கள் என்னும் நூலை வெளியிட்டார். பிரிட்டன் நிறுவனத்தின் வீரர்களையும் மரக்குண்டு எறியும் சிறு பீரங்கியையும் கொண்டு வீட்டுத் தரையில் ஆடும் விதிகளை அதில் வகுத்தார். சிறுவர்க்கும் முதியோர்க்கும் உரியதெனத் தலைப்பிலேயே கூறியவர், ஆண்பிள்ளை ஆட்டங்களை விரும்பும் 'அறிவுடைய' பெண்களையும் ஒரு சலுகைபோல் சேர்த்துக்கொண்டார். அவ்வீரர்களைத் தீட்டியவர்கள் பெண்களே என்பது அவர் எண்ணத்தில் தோன்றவில்லை போலும்!

எனினும் நூலின் இறுதிப் பகுதி சிந்தனைக்குரியது. மேசைப்போரை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தவன், உண்மைப் போர் எத்துணைப் பிழைகள் மலிந்த மடமை என்பதை உணர்வான். போர் வேட்கை கொண்ட அரசர்களையும் தளபதிகளையும் ஓர் அறையில் அடைத்து ஈயவீரர்களைக் கொடுத்துவிடலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். அடுத்த ஆண்டே ஐரோப்பா தீப்பற்றியது. அதே வெல்ஸ் அப்போரைப் போரையே ஒழிக்கவந்த போர் என்று ஆதரித்து எழுதினார். சிறுபோர் பெரும்போரைத் தடுக்கவில்லை. சிறுபோரை வகுத்தவரையே தடுக்கவில்லை.

1916ஆம் ஆண்டு சூலை முதல் நாள், சொம் போர்க்களத்தில் ஒரே நாளில் மாண்ட பிரித்தானிய வீரர் 19,240 பேர். அம்முதல் உலகப்போரில் இந்திய வீரர் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளில் மேசைப்போர் ஆடுவோர் நடுவே பொம்மைக்கு ஒரு மனிதன் என்ற கணக்கு இருந்ததா, இருபது மனிதன் என்ற கணக்கு இருந்ததா என்பது இங்கு பொருட்டன்று. எண்களின் பேருருவைச் சிற்றுருவத்தால் உணரலாம் என்பதே பொருட்டு.

தூரிகையின் தவம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இக்கலை புத்துயிர் பெற்றது. அதற்கு உயிரூட்டியோர் பலர் போர்முனையைக் கண்டவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. டாங்கிப் படையில் பணியாற்றிய டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962இல் 'வார் கேம்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். அதிரடிப் படைத்தலைவராயிருந்த பீட்டர் யங், லாஃபோர்டுடன் இணைந்து 1967இல் 'சார்ஜ்!' என்ற நூலை எழுதினார். டோனி பாத் என்பவர் ஹைபோரியா என்னும் கற்பனைக் கண்டத்தில் ஆண்டுக்கணக்கில் போர்த்தொடர் நடத்தினார். அதில் மன்னர்களுக்கு மணவினைகளும் பகைகளும் இருந்தன. ஒரு களத்தில் இழந்த படை மறுகளத்தில் திரும்பி வராது. போர்த்தொடரின் அறம் இதுவே: தனிப்போரில் பொம்மையைப் பெட்டியில் இட்டு நாளை மீண்டும் எடுக்கலாம், போர்த்தொடரில் இழப்பு கணக்கேட்டில் நிலைத்துவிடும்.

ஈயத்தின் நச்சு காரணமாக ஈயப் பொம்மைகள் 1960களில் கடைகளிலிருந்து மறையலாயின. நெகிழி, வெள்ளுலோகம், பிசின் என ஊடகம் மாறியது. பின்னர் கணினிவழி அச்சிட்ட உருவங்களும் வந்தன. தீட்டும் முறை மட்டும் பெரிதும் மாறவில்லை. அச்சின் பிசிறை அரத்தால் அகற்றி, சவர்க்கார நீரில் கழுவி உலர்த்துவர். கறுப்போ வெண்மையோ அடிப்பூச்சாக இடுவர். அதன்மேல் உடையின் அடிநிறம். பின்னர் நீர்த்த கருஞ்சாயத்தைப் பரப்ப, அது மடிப்புகளில் தேங்கி நிழலாகும். மேடுகளில் வெளிர்நிறத்தைத் தொட்டு ஒளி தருவர். இவ்வளவும் எதற்கு? விரலளவு உருவின்மேல் விழும் வெளிச்சம் போதிய நிழலைத் தராது. ஆகவே தூரிகையே கதிரவனின் வேலையைச் செய்யவேண்டியுள்ளது. சொற்சுருக்கத்தில் பேருணர்வைக் காட்டும் கவிஞர்க்கு இந்நுட்பம் அயலானதன்று.

ஒரு வீரனைச் செவ்வையாகத் தீட்ட ஒரு மணி நேரம் என்று கொள்வோம். சொம் களத்தின் முதல்நாள் இறந்தோரை மட்டும் ஆளுக்கொன்றாகத் தீட்ட 19,240 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு எட்டு மணி உழைத்தாலும் ஆறரை ஆண்டுகள்! ஒரு பகற்பொழுதில் துப்பாக்கி செய்ததைத் தூரிகை ஈடுசெய்ய ஆறரை ஆண்டுகள் வேண்டும். அழித்தலின் எளிமையையும் ஆக்கலின் அருமையையும் இக்கணக்கு உரைப்பதுபோல் நூறு சொற்பொழிவுகள் உரைக்கமாட்டா.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். சிற்றுருவப் போர் மனிதனை அமைதியாளனாக்கும் என்ற வெல்ஸின் நம்பிக்கையை வரலாறு பொய்யாக்கியது. போர்வெறியனாக்கும் என்பதற்கும் சான்றில்லை. மேசைமேல் சேறில்லை, குருதியில்லை, காயம்பட்டோன் முனகல் இல்லை. மகனை இழந்த தாயும் இல்லை. அவற்றை மேசை ஒருநாளும் காட்டாது. ஆட்டம் போரை மறைக்கிறது எனின், தீட்டுதல் மனிதனைக் காட்டுகிறது. ஆடுபவன் படையைப் பார்க்கிறான். தீட்டுபவன் வீரனைப் பார்க்கிறான். நாற்பது கேடயங்களுக்கு நாற்பது கோலம் தந்த எகிப்தியத் தச்சனும், வயலில் நின்ற பயிரைக்கூட வினவி எழுதிய சைபோர்னும், கூலிக்கு முகம் தீட்டிய பெயரறியாப் பெண்களும் இரண்டாவது வழியினர்.

மேசை காட்டாத தாயைக் காட்டும் கடமை கவிஞர்க்கு உரியது. பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்துப் பாவலர்கள் போரைப் பாடும் போதெல்லாம் எண்ணிக்கையைப் பாடாது முகத்தைப் பாடுவார்களாக.