சமுதாயக் கல்லூரிகளும் யந்திர மாறுதலும்

ஒரு குடும்பத்தார் வீடு கட்டத் தொடங்குமுன், அவ்வீட்டில் வாழப்போகிறவர் எத்தனை பேர், அவருள் முதியோர் எவர், குழந்தைகள் எவர், கிணறு எத்துணைத் தொலைவிலுள்ளது என்பனவற்றை எண்ணிப் பார்த்த பின்னரே கொத்தனாரை அழைப்பது வழக்கம். கல்விச்சாலை நடத்துவோர் புதிய யந்திரங்களை வாங்குங்கால் இவ்வொழுங்கைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். யந்திரம் முதலில் வந்துவிடுகிறது. அஃது எவருக்கு, எவ்வேலைக்கு என்னும் கேள்வி பின்னர் எழுகிறது. இவ்வாறு முறை பிறழ்வதால் விளைவது பண நட்டம் மட்டுமன்று. ஆசையோடு படிக்கத் தொடங்கிய பிள்ளைகள் பாதி வழியில் நின்றுவிடுதலே அதனினும் பெரிய நட்டமாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சமுதாயக் கல்லூரிகளின் சரித்திரம் இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது. அதனை நம் நேயர்கட்குச் சுருங்கக் கூறுதலே இவ்வியாசத்தின் நோக்கமாம்.

கல்லூரியின் தோற்றம்

சமுதாயக் கல்லூரி என்பது யாது? உயர்தரப் பள்ளிப் படிப்பை முடித்தோர், தம் ஊரை விட்டு அகலாமல், குறைந்த கட்டணத்தில் இரண்டாண்டுக் காலம் பயிலுதற்கு அமைந்த கல்விச்சாலையாம். அங்குப் பயின்றோருள் ஒரு சாரார் சர்வகலாசாலையின் மூன்றாம் ஆண்டு வகுப்பிற் சேர்வர். மற்றொரு சாரார் கணக்கெழுதுதல், நோயாளிகளைப் பேணுதல், யந்திரம் பழுது பார்த்தல் முதலிய தொழில்களை மேற்கொள்வர்.

இத்தகைய கல்லூரிகளுக்கு வித்திட்டவர் சிகாகோ சர்வகலாசாலையின் முதல் தலைவராகிய வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் என்பவர். சர்வகலாசாலைப் படிப்பின் முதலிரண்டாண்டுகளைப் பின்னிரண்டாண்டுகளினின்றும் பிரித்து, முற்பகுதியை ஊர்தோறும் நடத்தலாமென அவர் கருதினார். இல்லினாய்ஸ் மாகாணத்து ஜோலியட் நகரப் பள்ளித் தலைவரான ஜே. ஸ்டான்லி பிரவுன் அவரோடு கலந்தாலோசித்தார். அதன் பயனாக 1901-ம் ஆண்டு அந்நகரில் ஆறே மாணவரைக் கொண்டு ஜோலியட் ஜூனியர் கல்லூரி தோன்றிற்று. இன்றளவும் நடந்துவரும் பொதுமக்கள் ஜூனியர் கல்லூரிகளுள் அதுவே மூத்ததாகும்.

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பும் வீரர்களின் படிப்புச் செலவை அரசாங்கமே ஏற்கும்படி 1944-ல் ஒரு சட்டம் பிறந்தது. 1947-ல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழுவினர், ஜார்ஜ் ஸூக் என்பவரின் தலைமையில், இக்கல்லூரிகள் நாடெங்கும் பரவவேண்டுமென்று தம் அறிக்கையில் வற்புறுத்தினர். சமுதாயக் கல்லூரி என்னும் பெயர் எங்கும் வழங்கத் தலைப்பட்டது அவ்வறிக்கைக்குப் பின்னரே. பகலில் உழைத்து மாலையில் படிப்போரும், குழந்தைகளை வளர்க்கும் தாய்மாரும், நடுவயதில் தொழில் மாற விரும்புவோரும் அக்கல்லூரிகளை நாடி வந்தனர். இம்மாணவர் நிலையை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னே நாம் கூறப்போகும் வெற்றியும் தோல்வியும் இதனைப் பொறுத்தே அமைந்தன.

தபாலும் ரேடியோவும்

ஹார்ப்பர் தாம் சர்வகலாசாலைத் தலைவராவதற்கு முன்பே எபிரேய மொழியைத் தபால் மூலமாகக் கற்பித்து வந்தவர். 1892-ல் சிகாகோ சர்வகலாசாலை திறக்கப்பட்டபொழுது வீட்டிலிருந்தே கற்போர்க்கென ஒரு பகுதியை அதனுள் நிறுவினார். அக்காலத்துப் புதுமைச் சாதனம் தபால் வண்டியே. பாடம் தபாலிற் சென்றது. மாணவன் எழுதிய விடை தபாலில் வந்தது. ஆசிரியர் அதனைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். ஒரு மனிதரின் திருத்தம் மற்றொரு மனிதருக்குப் போய்ச் சேர்ந்தமையாலேயே அஃது கல்வியாயிற்று. தபால் அதற்கு வழியாக மட்டும் நின்றது.

பின்வந்தோர் பலர் இவ்வேறுபாட்டை உணர்ந்தாரில்லை. சினிமாப் படம் வந்தபொழுது, பள்ளிகளிற் புத்தகமே இனி வேண்டியதில்லை, பத்தாண்டிற்குள் யாவும் மாறிவிடும் என்று தாமஸ் எடிசன் 1913-ல் கூறினார். அங்ஙனம் ஒன்றும் நிகழவில்லை. அடுத்து ரேடியோ வந்தது. 1921 முதல் 1936 வரை ஏறத்தாழ இருநூறு ஒலிபரப்பு உரிமங்களைக் கல்வி ஸ்தாபனங்கள் பெற்றன. 1937-ல் எஞ்சி நின்றவை நாற்பதிற்கும் குறைவே. வியாபாரக் கம்பெனிகளின் போட்டியும் பணமுடையும் அதற்குக் காரணங்களாயின. உரிமம் பெற்ற வேகத்தில், அடுத்த பத்தாண்டுச் செலவுக்கு வழி தேடியவர் சிலரே.

சிகாகோவின் டெலிவிஷன் கல்லூரி

ரேடியோவில் நேர்ந்தது டெலிவிஷனிலும் நேரலாகாதென்று முயன்றவருள் பிரீடா ஹென்னக் அம்மையார் முதன்மையானவர். அமெரிக்க ஒலிபரப்பு ஆணைக்குழுவின் முதற் பெண் உறுப்பினர் இவரே. கல்விக்கென்று தனி அலைவரிசைகளை ஒதுக்கிவைக்கவேண்டுமென்று இவர் விடாது வாதாடினார். 1952-ல் 242 அலைவரிசைகள் அங்ஙனம் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றைக் கொண்டு 1955-ல் சிகாகோ நகரில் ஒரு கல்வி நிலையம் எழுந்தது. மறு ஆண்டு, 1956 செப்டம்பரில், அந்நகர ஜூனியர் கல்லூரியார் அதன் வாயிலாக டெலிவிஷன் கல்லூரியைத் தொடங்கினர். போர்டு தருமநிதியைச் சார்ந்த ஒரு கல்வி நிதியம் மூன்றாண்டுச் சோதனைக்குப் பொருளுதவி அளித்தது. முழுப் படிப்பையும் வீட்டிலிருந்தே முடித்து இரண்டாண்டுப் பட்டம் பெறும் வசதியை ஏற்படுத்தியதே இதன் சிறப்பு.

இது நிலைத்ததற்குக் காரணம் யாது? பெட்டியிற் தோன்றிய படத்தை மட்டும் பார்ப்போர் அதனை அறியார். பாடம் நடத்தும் ஆசிரியர் மற்ற வகுப்பு வேலைகளினின்றும் விடுவிக்கப்பட்டு அந்த ஒரு பாடத்தையே ஆயத்தம் செய்தார். மாணவர்க்கு வாரந்தோறும் வழிகாட்டும் குறிப்புப் புத்தகம் முன்னதாகவே கொடுக்கப்பட்டது. எழுத்து வேலைகள் தபாலில் வந்தன; அவற்றைத் திருத்தவென வேறு ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். குறித்த நேரங்களில் மாணவர் டெலிபோனில் ஆசிரியரை அழைத்து ஐயம் கேட்கலாம். பரீட்சை மட்டும் கல்லூரிக் கட்டிடத்தில் நேரில் நடந்தது. எனவே, டெலிவிஷன் என்று பேர் பெற்ற அக்கல்லூரியின் சுமையைத் தாங்கியவை தபாலும், டெலிபோனும், திருத்தும் ஆசிரியரின் மைக்கூடுமே எனலாம்.

அதிற் சேர்ந்தோருட் பெரும்பாலார் பெண்மணிகள். வயது முதிர்ந்தோரும் பலர். உடற்குறையால் வெளிச்செல்ல இயலாதவர்க்கும் சிறைச்சாலையில் இருந்தோர்க்கும் அஃது பயன்பட்டது. பரீட்சை முடிவுகளை ஒப்பிட்டபோது, வீட்டிலிருந்து கற்றோர் வகுப்பில் கற்றோருக்குச் சற்றும் குறையவில்லை. ஆயினும், அவர் முதிர்ந்தவர், தாமே விரும்பி வந்தவர் என்பதை மறந்து முழுப் புகழையும் பெட்டிக்கே கொடுத்தல் தகாது. இளைஞர் யாவரையும் அப்பெட்டியின் முன் உட்கார்த்திவிட்டால் அதே பயன் விளையும் என்று முடிவு கட்டுதற்கு இச்சோதனை இடந்தரவில்லை.

கம்ப்யூட்டர் புகட்டிய பாடம்

1970-களில் கம்ப்யூட்டர் இக்கல்லூரிகளுட் புகுந்தது. அமெரிக்க தேசிய விஞ்ஞான நிறுவனத்தார் பெரும்பொருள் செலவிட்டு இருவகை முறைகளைச் சோதித்தனர். ஒன்று, இல்லினாய்ஸ் சர்வகலாசாலையில் 1960-ல் தோன்றிய பிளேட்டோ என்னும் முறை. மற்றொன்று டிக்கிட் என்பது. முன்னது இல்லினாய்ஸ் சமுதாயக் கல்லூரிகள் சிலவற்றிலும், பின்னது அரிஸோனாவின் பீனிக்ஸ் கல்லூரியிலும் வடக்கு வர்ஜீனியாவின் சமுதாயக் கல்லூரியிலும் கையாளப்பட்டன. பரீட்சை நடத்துவதிற் பேர்பெற்ற ஒரு நிலையத்தார் இரண்டையும் ஆராய்ந்து 1977, 1978-ம் ஆண்டுகளில் அறிக்கை தந்தனர்.

பிளேட்டோ ஆசிரியரின் கையிற் கருவியாக இருந்தது. எவ்வளவு பயன்படுத்துவது என்பதை அவரே தீர்மானித்தார். ஆசிரியரும் மாணவரும் அதனை விரும்பினர். ஆனால் தேர்ச்சியில், மொத்தத்திற் பார்க்குமிடத்து, பெரிய ஏற்றமோ தாழ்வோ காணப்படவில்லை. டிக்கிட் முறையிலோ மாணவன் தன் விருப்பப்படி தானே முன்னேறவேண்டும். விதி வேண்டுமா, உதாரணம் வேண்டுமா, பயிற்சி வேண்டுமா என்பதை அவனே பொத்தானை அழுத்தித் தெரிந்துகொள்வான். இதன் முடிவு வியப்பிற்குரியது. கணிதப் பாடத்தைக் கடைசிவரை முடித்தவர் வகுப்பில் கற்றவரினும் அதிகத் தேர்ச்சி பெற்றனர்; ஆனால் முடித்தவர் தொகையோ வகுப்பில் முடித்தவர் தொகையினும் மிகக் குறைவு. ஆசிரியர் நெருங்கி நின்று நடத்திய பாடங்களில் இவ்விழப்பு அவ்வளவாக இல்லை.

நேயர்காள்! இச்செய்தியைச் சற்று ஆழ்ந்து நோக்குமின். முடித்தவர் பெற்ற மதிப்பெண்களை மட்டும் அச்சிட்டு வெளியிட்டால், அவ்யந்திரம் மாபெரும் வெற்றியாகத் தோன்றும். நடுவில் நின்றவர் பெயர்கள் அக்கணக்கில் வாரா. பகலெல்லாம் உழைத்துக் களைத்து மாலையில் வருபவன், பாடம் புரியாத வேளையில் அருகே ஒருவர் இன்மையாற் சோர்ந்து எழுந்து போயிருப்பான். அவனுக்காகவே அக்கல்லூரி ஏற்பட்டதென்பதை எண்ணும்போதுதான் இழப்பின் அளவு விளங்கும்.

சுவரற்ற கல்லூரிகளும் பெருந்தொற்றும்

கட்டிடமே நடுநாயகமாயிராத கல்லூரிகளும் பின்னர்த் தோன்றின. கலிபோர்னியாவில் 1976-ல் கோஸ்ட்லைன் கல்லூரியும், அரிஸோனாவில் 1978-ல் ரியோ சலாடோ கல்லூரியும் சுவரற்ற கல்லூரிகள் என்ற பெயருடன் எழுந்தன. பின்னது 1996-ல் இன்டர்நெட் மூலம் பாடம் நடத்தத் தொடங்கிற்று. இவை தொலைவிலிருந்து கற்பித்தலையே தொழிலாகக் கொண்டு, அதற்கேற்றவாறு தம்மை ஆண்டுக்கணக்கில் அமைத்துக்கொண்டவை.

மற்றக் கல்லூரிகளுக்கு அவ்வவகாசம் கிட்டவில்லை. 2020-ல் கொரோனா பெருந்தொற்று வந்தபோது சில நாட்களுக்குள் யாவரும் இன்டர்நெட்டுக்கு மாறவேண்டியதாயிற்று. லேப்டாப்களை இரவல் கொடுத்தும், கார் நிறுத்துமிடங்களில் வைபை வசதி செய்தும் கல்லூரியார் அரும்பாடுபட்டனர். எனினும் அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி மாணவர் தொகை நூற்றுக்குச் சுமார் பத்து வீதம் வீழ்ந்தது. முதன்முறையாகச் சேர்வோர் தொகை நூற்றுக்கு இருபதிற்கும் மேலாகக் குறைந்தது. நான்காண்டுப் பொதுக் கல்லூரிகளில் இத்தகைய பெருவீழ்ச்சி ஏற்படவில்லை. வேலையிழந்தோரும், பள்ளி மூடியதால் குழந்தைகளை வீட்டில் வைத்துப் பார்க்கவேண்டிய தாய்மாருமே சமுதாயக் கல்லூரியின் மாணவர். வெல்டிங், நோயாளர் பணி போன்ற கைப்பழக்கமுள்ள தொழில்களைத் திரையிற் கற்றல் அரிது. பணவசதி குறைந்தோரையே அவ்விடி முதலில் தாக்கிற்று.

நம் நாட்டிற்கு வந்த வரலாறு

இக்கல்லூரி முறை நம் நாட்டிற்கும் வந்துள்ளது. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியை ஏற்படுத்திற்று. 1996-ல் சென்னை மயிலை உயர் மறைமாவட்டத்தாரின் ஆதரவில் சென்னைச் சமுதாயக் கல்லூரி தோன்றிற்று. இம்முயற்சியை முன்னின்று வளர்த்தவர் சேவியர் அல்போன்ஸ் அடிகளார். படிப்பை இடையில் விட்டோர், ஏழைப் பெண்கள் ஆகியோருக்குத் தொழிற்பயிற்சியும் வாழ்க்கைத் திறனும் அளித்து, ஒரு பகுதிப் பயிற்சியைத் தொழிலிடத்திலேயே பெறச்செய்வது இதன் முறை. இங்கே முதலில் எண்ணப்பட்டவர் மாணவர். கருவிகள் அவரவர் தொழிலுக்கேற்ப அமைந்தன.

செய்யத்தக்கது

மேற்கூறிய சரித்திரத்தால் நாம் யந்திரங்களுக்குப் பகைவர் என்று எவரும் கருதவேண்டா. தபாலைப் புறக்கணித்திருந்தால் ஹார்ப்பரின் மாணவரும், டெலிவிஷனைப் புறக்கணித்திருந்தால் சிகாகோவின் தாய்மாரும் கல்வியின்றி நின்றிருப்பர். மாறுதல் வந்தே தீரும். அதனை எதிர்கொள்ளும் ஒழுங்கே நம் கையிலுள்ளது.

நம் அங்கத்தினருட் பலர் பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் நிர்வாகக் குழுவினராக இருக்கின்றனர். ஏனையோர் பிள்ளைகளை அங்கு அனுப்பும் பெற்றோர். புதிய கருவி வாங்குவதென்ற பேச்சு எழும்போது நான்கு கேள்விகளைக் கேட்டல் நலம். இதனால் எந்த மாணவருக்கு இப்போதில்லாத எவ்வசதி கிடைக்கும்? ஐயம் எழும்போது அவருக்குப் பதில் சொல்லும் மனிதர் யார், அவருக்கு அதற்கு நேரம் உண்டா? நன்கொடை தீர்ந்த பின் ஐந்தாம் ஆண்டில் இதன் பழுதையும் செலவையும் ஏற்பவர் யார்? தேறியவர் கணக்கோடு, நடுவில் நின்றவர் கணக்கையும் எவர் எழுதி வைப்பர்?

இந்நான்கிற்கும் விடைகளை நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவு செய்து, குழுவினர் கையொப்பமிட்ட பின்னரே விலைப்புள்ளி கோருவது முறையாகும். ஆண்டிறுதியில் அப்புத்தகத்தை மீண்டும் எடுத்து, நடுவில் நின்ற பிள்ளைகளின் பெயர்களைப் பார்த்து, அவர்தம் வீடுகளுக்கு ஆளனுப்பி விசாரித்தலும் வேண்டும். பெற்றோரும் இதனைக் கேட்டறியும் உரிமையுடையார் என்பதை மறவாதிருப்பாராக.