நொதிச் செயல் அளவீடு (நிறமாலை ஒளிமானி வழி)

நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அறியும் ஆய்வக முறை. வினையில் தோன்றும் அல்லது மறையும் பொருள் ஒளியை உட்கவரும் அளவு நிமிடத்துக்கு நிமிடம் குறிக்கப்படுகிறது. நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பொருளை மாற்றும் நொதி ஓர் அலகு எனப்படும்.

வரலாறு: கரைசலில் ஒளி குறையும் விதியை பூகே (1729), லாம்பெர்ட் (1760), பேர் (1852) மூவரும் படிப்படியாக வகுத்தனர்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895–1948), ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் 1925இல் பாஸ்பரஸை நிறத்தால் அளக்கும் முறையை வெளியிட்டார். அமில மாலிப்டேட்டுடன் பாஸ்பேட் சேர்ந்ததும் அமினோநாஃப்தால் சல்ஃபானிக் அமிலம் அதை ஒடுக்கும், கரைசல் நீலமாகும். பாஸ்பேட் கூடக்கூட நீலமும் அடரும். அன்றைய கருவி டுபாஸ்க் நிறமானி: ஒரு குவளையில் அளவு தெரிந்த நீலம், இன்னொன்றில் சோதிக்க வேண்டிய நீலம். பார்வைவட்டத்தின் இரு பாதிகளும் ஒரே சாயலாகும் வரை திருகைத் திருப்பி, ஆழத்தைப் படிப்பார்கள். அளப்பது கண்தான். தசைச் சாற்றில் அந்த நீலம் வழக்கத்துக்கு மாறாகத் தாமதித்து எழுந்தது. பிழை என்று ஒதுக்காமல் அதைத் தொடர்ந்ததால்தான் 1927இல் பாஸ்போகிரியேட்டின் என்னும் பாஸ்பேட் சேர்மம் அகப்பட்டது. அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியும் அப்பொருளைக் கண்டிருந்தனர். 1929இல் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறை முதலில் பிரித்தவர் ஜெர்மனியின் லோமானா, ஃபிஸ்கேயும் சுப்பாராவுமா என்பதிலும், ஹார்வர்டு ஆய்வில் சுப்பாராவின் பங்கு எவ்வளவு என்பதிலும் எழுதியோர் ஒத்துப்போவதில்லை. பாஸ்பேட்டை விடுவிக்கும் ஃபாஸ்படேஸ், ஏ.டி.பி.ஏஸ் நொதிகளை அளக்க இந்த நீலம் பின்னர் பெரிதும் பயன்பட்டது. கண்ணின் இடத்தை ஒளிமின்கலம் பிடித்தபோதும் வேதியியல் மாறவில்லை.

1930களில் ஜெர்மன் வேதியியலார் வார்பர்க், என்.ஏ.டி.எச். என்னும் துணைநொதி 340 நானோமீட்டர் ஒளியை உட்கவர்வதை நொதி அளவீட்டுக்குப் பயன்படுத்தினார். பெக்மன் நிறமாலை ஒளிமானி 1941இல் வந்தது.

தமிழகத்தில் குறிப்பிடத்தக்கது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி. கே. பச்சாவத் குழுவினர் செய்த பணி. ஜேம்ஸ் ஆஸ்டினுடன் இணைந்து 1963இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, மெட்டாகுரோமாட்டிக் லூக்கோடிஸ்ட்ரோபி என்னும் நரம்பு நோயில் சல்ஃபட்டேஸ் நொதி குறைவதைக் காட்டியது.

இன்று: நரிக்குடி, திருச்சுழி வட்டாரத்தார் கையில் வாங்கும் கல்லீரல் சோதனைச் சீட்டின் எஸ்.ஜி.பி.டி. நொதி எண்ணும் பெரும்பாலும் 340 நானோமீட்டரில் என்.ஏ.டி.எச். குறையும் வேகத்திலிருந்து வருவதே. வெயிலில் நெடுநேரம் இருந்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்தால் எல்.டி.எச். என்னும் நொதியின் அளவு பொய்யாக உயரும். ஆகவே சீரத்தைத் தாமதமின்றிப் பிரித்தெடுப்பர். வினையை 37 டிகிரி செல்சியஸில் வைத்து அளப்பர்.