வில்லும் வில் செய்தாரும்

கொல்லிமலைத் தலைவன் ஓரி வில்லாண்மையாற் புகழ் பெற்றவன். விடுத்த ஒரே கணை யானையை வீழ்த்திப் புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றையும் துளைத்துச் சென்ற செய்தியை, வன்பரணர் புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் அவன்மேல் ஏற்றிக் கூறுகின்றார். வல்வில் ஓரி என்னும் பெயர் இன்றும் நிற்கின்றது. ஆனால், அவ்வல்வில்லைச் செய்து கொடுத்தவன் யாவன்? அவன் பெயர் பாட்டில் இல்லை. பழைய வில்லைத் தேடித் திரட்டுவோர் எந்நாட்டினராயினும் அவர்முன் நிற்கும் வினா இதுவேயாகும்.

வில் எளிய கருவி போலத் தோன்றும், செய்தற்கு அரியது. தமிழில் சிலை என்னும் சொல் வில்லையும், வில்லுக்குரிய ஒருவகை மரத்தையும் குறிக்கும். மரத்தாலும் மூங்கிலாலும் வில் செய்தல் தொன்மையான முறை. துருக்கி, பாரசீகம், வட இந்தியா ஆகிய இடங்களிலோ கூட்டுவில் சிறந்து விளங்கியது. அதன் நடுவில் மரம். எய்வோனை நோக்கும் பக்கத்தில் எருமைக்கொம்பு. மறுபக்கத்தில் விலங்கின் தசைநார். இவற்றைப் பிணைப்பது வச்சிரப் பசை. கொம்பு அமுக்கத்தைத் தாங்கும். நார் இழுப்பைத் தாங்கும். நாணைக் கழற்றினால் இவ்வில் எதிர்ப்புறமாக வளைந்துகொள்ளும். இதனை அறியாதார் மாறாக நாணேற்றின் வில் முறியும். ஈரக்காற்றில் பசை நெகிழுமாதலின், இந்தியாவில் எஃகு வில்லும் வழங்கிற்று. இவ்வாறு வில்லின் உடலே அது பிறந்த நாட்டைச் சொல்லிவிடும். செய்தவன் பெயரைச் சொல்லுமா?

துருக்கிய வில் பல அதனையும் சொல்லும். வில்லின் நுனியருகே செய்தவன் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் நுண்ணிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆங்கிலேயர் இங்கோ சைமன், 1914-இல் பிரான்சு நாட்டில் துருக்கிய வில்லொன்றால் 462 கஜத் தொலைவு எய்து காட்டினார். அவர் திரட்டிய வில்லும் அம்பும் மான்செஸ்டர் பொருட்காட்சிச் சாலையில் உள்ளன. ஜப்பானிய வில்லறிஞரும் தம் வேலையிற் கையொப்பமிடும் மரபினர்.

இந்தியாவில் நிலை வேறு. இங்கு ஒருவன் பெயரைவிட ஒரு குலத்தின் பெயரே நமக்கு எஞ்சியுள்ளது. வில் செய்தாரைக் கமான்கர் என்பர். கமான் என்பது வில்லைக் குறிக்கும் பாரசீகச் சொல். கட்டட வளைவைத் தமிழர் கமான் என வழங்குவதும் அச்சொல்லே. துப்பாக்கி பரவியபின் வில்லுக்கு வேலை இல்லாது போயிற்று. வில்லின்மேல் வண்ணம் தீட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? பஞ்சாபின் 1881-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு அறிக்கையில், கமான்கர் மரப்பொருள்களுக்கு வண்ண வேலை செய்வோராய்க் காணப்படுகின்றனர். கட்சு நாட்டிலோ அவர்கள் சுவரோவியம் தீட்டினர். அவ்வோவியத்துக்கே கமான்கரி என்று பெயராயிற்று. தொழில் மாறியது, பெயர் மட்டும் பழைய வில்லைச் சுமந்து நிற்கின்றது.

செய்தவன் உயிரோடிருக்கும்போதே கேட்டறிந்தவரும் உளர். 1911-இல் கலிபோர்னியாவில், யாகி இனத்தவன் ஒருவன் தன் சுற்றமெல்லாம் அழிந்தபின் தனியனாய் வெளிவந்தான். தன் பெயரைத் தானே கூறுதல் அவன் மரபில் வழக்கமன்று. ஆதலின் அவன் மொழியில் ‘மனிதன்’ எனப் பொருள்படும் இஷி என்னும் சொல்லாலேயே அவனை அழைத்தனர். சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர் அவனுடன் அமர்ந்து வில் செய்யக் கற்றார். 1916-இல் இஷி இறந்தான். 1918-இல் போப் அம்முறையை எழுதி வெளியிட்டார். இயற்பெயர் மறைந்தது, தொழிலறிவு தப்பியது. சில ஆண்டு காலம் தாழ்த்திருந்தால் இரண்டுமே மறைந்திருக்கும் அன்றோ?

இப்பாடம் மலாக்கா மாநிலத் தமிழருக்கும் உரியது. 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்டார் என்பதை வரலாற்று நூல்கள் கூறும். ஓரியின் பெயர் போல அவர் பெயரும் நிலைத்தது. ஆயின், பால்மரம் வெட்டிய கத்தியைப் பட்டைக்கு ஏற்பத் தீட்டியவர் யார்? காண்டா வாளியைத் தோளிற் சுமந்தவர் யார்? பல தோட்டங்களில் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. கத்தியும் மங்கும் வீட்டு மூலையில் துருவேறிக் கிடக்கின்றன.

அவற்றைத் திரட்டிப் பள்ளியில் வைத்தல் நன்று. ஆனால் அது பாதி வேலையே. இன்னார் கத்தி, இன்ன தோட்டம், இத்தனை ஆண்டு பிடித்த கை என ஒரு சீட்டு எழுதி உடன் வைத்தல் வேண்டும். பாட்டியைக் கேட்டு அதனை எழுதி வருதல் ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கும் இயலும். பெயரற்ற கருவி பழம்பொருள். பெயர் சேர்ந்தபோதே அது வரலாறு. ஓரியின் வில் செய்தவனைக் கேட்க இனி வழியில்லை. பாட்டி இன்னும் வீட்டில் இருக்கின்றாள்.