எலிசாவும் ஆலோசகரும்

1966ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம், தாம் அமைத்த உரையாடும் கணிப்பொறி நிரலைப்பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நிரலின் பெயர் எலிசா. தீர்க்கதரிசியின் பெயரன்று, பெர்னார்ட் ஷாவின் நாடகத்தில் திருத்தமாகப் பேசக் கற்பிக்கப்படும் பூக்காரப் பெண்ணின் பெயர்.

அது இயங்கிய முறை எளியது. ஒருவர் தட்டச்சு செய்யும் வாக்கியத்தில் குறித்த சில சொற்களைத் தேடும். 'என்' என்பதை 'உம்' என மாற்றி, அவர் கூற்றையே வினாவாக்கித் திருப்பித் தரும். தாயைக் குறிப்பிட்டால், குடும்பத்தைப்பற்றி மேலும் கூறச் சொல்லும். தேடிய சொல் அகப்படாவிடில், தொடர்ந்து பேசுமாறு வேண்டும். பொருளறிவு அதற்குச் சிறிதும் இல்லை. எனினும், அது உருவானதை மாதக்கணக்கில் கண்டிருந்த வைசன்பாமின் செயலாளரே, சில வரிகள் உரையாடியதும், பேராசிரியரை அறையைவிட்டு வெளியே போகும்படி கேட்டுக்கொண்டார். மனநல மருத்துவர் கென்னத் கோல்பியும் அவர்தம் கூட்டாளிகளும் இத்தகைய பொறி மணிக்கு நூற்றுக்கணக்கான நோயாளிகளைக் கவனிக்கக்கூடும் என்று அதே ஆண்டில் எழுதினர்.

இங்கு நாம் கூசவேண்டியதொன்று உண்டு. எலிசா போலச்செய்தது கார்ல் ரோஜர்ஸின் ஆலோசனை முறையை. ரோஜர்ஸ் 1924இல் நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்து, ஈராண்டுகளில் அதைவிட்டு உளவியலுக்குச் சென்றவர். அவருடைய முறை பின்னர் மேய்ப்புப்பணி வகுப்புகளுக்கும் வந்தது. துயருற்றவர் கூற்றைச் சற்றே மாற்றித் திருப்பிச் சொல்வதுதான் செவிகொடுத்தல் என்று மாணவர் பலர் கற்றுக்கொண்டனர். நானும் சில காலம் அப்படியே கற்பித்தேன். ரோஜர்ஸ் கோரியதோ மெய்யான ஒத்துணர்வு. அதை நீக்கி உத்தியை மட்டும் எடுத்துக்கொண்ட நமக்கும் அப்பொறிக்கும் வேறுபாடு என்ன?

வைசன்பாம் 1923இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1936இல் நாசி ஜெர்மனியைவிட்டுக் குடிபெயர்ந்தவர். 1976இல் வெளியிட்ட நூலில், கணக்கிட்டு முடிவு காண்பது வேறு, பொறுப்பேற்றுத் தெரிந்தெடுப்பது வேறு என்று வாதிட்டார். மனிதனின் அறிவு உடலோடும், பிறப்பு முதல் தொடரும் உறவுகளோடும் பின்னிக் கிடக்கிறது. ஆகவே நீதி வழங்குவதையும் உள்ளம் உடைந்தோரைத் தேற்றுவதையும் பொறியிடம் ஒப்படைக்க இயலுமா என்பதைவிட, அது தகுமா என்பதே அவருடைய கேள்வி. கணிப்பொறி அறிஞர் ஜான் மெக்கார்த்தி அந்நூலைக் கடுமையாக மறுத்தெழுதினார். கருத்துவேறுபாடு இன்னும் தீரவில்லை.

எலிசாவைவிடப் பன்மடங்கு ஆற்றலுள்ள உரையாடும் பொறிகள் 2022 முதல் பொதுமக்கள் கைகளில் பரவலாயின. நள்ளிரவில் அவற்றிடம் மனந்திறப்போர் நம் சபைகளிலும் இருக்கக்கூடும். அவர்களுள் எத்தனைபேர் முன்பு போதகர் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் என்று நாம் விசாரித்ததில்லை.