விற்கப்பட்டவளின் நாக்கு

1969இல் டென்வரில் சிகானோ இளைஞர் மாநாடு கூடியது. பெண்கள் தனியே அமர்ந்து விவாதித்தார்கள். முடிவில் அவர்கள் சார்பாக மேடையில் படிக்கப்பட்ட அறிக்கை, சிகானாப் பெண் விடுதலையை விரும்பவில்லை என்றது! 1848இல் மெக்சிகோவின் ஏறக்குறையப் பாதி நிலத்தை அமெரிக்கா பிடுங்கிக்கொண்ட வரலாற்றிலிருந்து கிளம்பிய இயக்கம் அது. இனம், குடும்பம், ஆண் தலைமை மூன்றும் ஒரே முடிச்சாகக் கிடந்தன. பெண் பிரச்சினைன்னு வாயைத் திறந்தால் 'வெள்ளைக்காரிகளின் சரக்கு' என்றார்கள். அதைவிடக் கொடிய வசவும் ஒன்று இருந்தது: மலிஞ்சே.

யார் இவள்? மலின்ட்சின் நவா மொழி பேசியவள். சிறுபெண்ணாகவே அடிமையாகி மாயா மக்களிடம் போய்ச் சேர்ந்தாள். 1519இல் அவர்கள் ஸ்பானியரிடம் தோற்றபோது தளபதி கோர்ட்டெஸுக்குக் கொடுத்த 20 பெண்களில் ஒருத்தி. இரு மொழியும் தெரிந்ததால் அவனுக்கு மொழிபெயர்ப்பாளியானாள், பிள்ளையும் பெற்றாள். மொழிபெயர்ப்பவரை அன்றைய ஸ்பானியர் 'நாக்கு' என்றே அழைத்தார்கள். 1521இல் அஸ்டெக் தலைநகர் வீழ்ந்தது. பழி பின்னால் வந்து அவள்மேல் ஏறியது. 1950இல் ஒக்டாவியோ பாஸ் அவளை எதிர்ப்பற்ற, பலாத்காரத்துக்குள்ளான தாயாக வரைந்து, மெக்சிகர்களை அவள் பிள்ளைகள் என்றார்.

அன்று மெக்சிகோ என்றொரு தேசமே கிடையாது. அஸ்டெக்குகளின் எதிரிகளான த்லஸ்கலா வீரர்கள் ஆயிரக்கணக்கில் கோர்ட்டெஸோடு நின்று போரிட்டார்கள். ஆனாலும் துரோகத்தின் பெயராக நிலைத்தது ஒரு பெண்ணின் பெயர்தான். 1974இல் அடெலைடா தெல் காஸ்தியோ இந்தக் கதையாடலைக் கலைத்து, அவளை வரலாற்றில் செயல்பட்ட ஒருத்தியாக மறுவாசிப்புச் செய்தார். அவசியமான வேலை. ஆனால் நாயகியாக்கும் வேகத்தில் அவள் அடிமை என்பது மங்கிவிடக் கூடாது. அவள் கைப்பட ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை.

செர்ரி மொராகா 1983இல் எழுதிய கட்டுரையொன்று 'வெந்திதா' என்ற ஸ்பானியச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. இனத்தைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஏசும் சொல். அதன் நேர்ப்பொருளோ 'விற்கப்பட்டவள்'. யார் விற்றார்கள்னு எவரும் கேட்கவில்லை.

இது மொழி தெரிந்தவளின் கதை. தெரியாதவர்களுக்கு என்ன நடந்தது? லாஸ் ஏஞ்சல்ஸ் அரசு மருத்துவமனையில் தங்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ததாக மெக்சிக வம்சாவளிப் பெண்கள் 10 பேர் வழக்குத் தொடுத்தார்கள். பிரசவ வலிக்கு நடுவே ஆங்கிலப் படிவங்களில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பலருக்கு ஸ்பானிஷ் மட்டுமே தெரியும். சிகானாப் பெண்ணியவாதிகளின் அமைப்பான காமிசியோன் ஃபெமெனில் அவர்களோடு வழக்கில் சேர்ந்துகொண்டது. 1978இல் தீர்ப்பு மருத்துவர்கள் பக்கம் போனது. நடந்தது தகவல் பரிமாற்றக் கோளாறு என்றார் நீதிபதி.